வெள்ளைச்சிக்குப் புது மூளை

ஜூன் 30, ஞாயிறு

இந்த டைரி பொங்கலப்போ பம்பு டீலர் குடுத்தது. அரை வருசம் அலமாரியில சும்மா கெடந்துச்சு. இன்னிக்கு எடுத்துட்டேன். வாயை மூடி மூடி எனக்கு வயிறே உப்பிப் போச்சு. எங்கயாச்சும் கொட்டோணுமல்ல.

என்ற ஊட்டுக்காரர் பேரு சென்னியப்பன். கணபதிங்கற எடத்துல மோட்டார் காயில் கட்டற பட்டறை வெச்சிருக்கார். வாரம் பூரா காயில், லீவு நாளானா ரேலி. மண்ணு ரோட்டுல கார் ஓட்டற போட்டி. அவரு ஓட்டுவாரு, நான் பக்கத்துல உக்காந்து அடுத்த வளைவு என்னன்னு படிச்சுச் சொல்லுவேன். பதினாறு வருசமா இதேதான். மொதல்ல ஒறம்பரைங்க, சொந்தக்காரங்க எல்லாம் "புருசனுக்குத்தான் பைத்தியம்னா பொண்டாட்டிக்குமா"ன்னு கேட்டாங்க. இப்ப கேக்கறதில்லை, பழகிப் போச்சு.

ஜனவரியில அவருக்கு நெஞ்சு வலி வந்துச்சு. ரெண்டு ஸ்டென்ட் வெச்சாங்க. அந்த நாளைப் பத்தி இதுல நான் எழுத மாட்டேன்.

ஆனா டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னதை எழுதறேன். "அவரைக் கோபப்படுத்தாதீங்கம்மா, ஊட்டுல சத்தம் சண்டை வேண்டாம்." அன்னிக்கு மூடின வாய். தெரு முக்குல நின்னாலே என்ற சத்தம் கேக்கும்னு பால்காரர் சொல்லுவார். அந்தச் சாந்தாமணி இப்ப "சரிங்க", "ஆகட்டுங்க", "பரவால்லீங்க"ன்னு பேசிட்டுத் திரியறேன். எனக்கே யாரோ மாதிரி இருக்கு.

காத்தால ராகிக் கூழ் குடிச்சுட்டே சொல்றார், "சாந்தா, செப்டம்பர் ரேலிக்குப் பேர் குடுத்துட்டேன்."

"டாக்டரைக் கேட்டீங்களா?"

"கேட்டேனே. தாராளமா ஓட்டலாம்னார்."

"ரேலின்னு சொன்னீங்களா?"

"வண்டின்னு சொன்னேன்."

அட கெரகமே! தொண்டை வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டு "சரிங்க"ன்னேன். உள்ளே போயித் தேங்காய் துருவினேன். அரை மூடி போதும், ரெண்டு முழுத் தேங்காயைத் துருவி வெச்சிருக்கேன்.

ஜூலை 3, புதன்

தார்ப்பாயை எடுத்து வெள்ளைச்சியை வெளியே தள்ளினோம். வெள்ளைச்சி எங்க கார். வயசானவ, ஆனா நாலு வருசம் முன்னாடி இவரு அவளுக்கு ஒரு டர்போ மாட்டி விட்டார். இஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளற சாமான். அதுல இருந்து ஒரே ரவுசுதான்.

சாவி போட்டதும் இருமினா, கருப்புப் புகை விட்டா, நின்னுட்டா.

கோளாறு எங்கன்னு இவரு உடனே கண்டுபிடிச்சுட்டார். கம்பெனி வெச்ச இஞ்சின் கம்ப்யூட்டருக்கு டர்போன்னா என்னன்னே தெரியாது. அதனால பக்கத்துல ஒரு குட்டி டப்பா வெச்சு, வர்ற காத்தைப் பத்தி அதுகிட்டப் பொய்க் கணக்கு சொல்ல வெச்சு, வேணுங்கற பெட்ரோலை வாங்கிட்டு இருந்தார். மழையில அந்தப் பொய் சொல்ற டப்பாதான் செத்துப் போச்சு.

"ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டு முழுசா ஒரு புது ஈசியூ வெச்சுரலாம் சாந்தா"ங்கறார். இஞ்சின் மூளையை இவங்க பாஷையில ஈசியூம்பாங்க. எத்தனை பெட்ரோல், எப்பத் தீப்பொறி, எத்தனை காத்து எல்லாத்தையும் அதுக்கு மொதல்ல இருந்து சொல்லிக் குடுக்கோணுமாம். ஆறு மாசமா சுண்டிக் கெடந்த மொகம் இன்னிக்குத்தான் சித்த வெளிச்சமாச்சு. அதைப் பாத்தா எனக்குச் சந்தோசமா, வயித்தெரிச்சலான்னு தெரியலை.

ஜூலை 12, வெள்ளி

இன்னிக்கு ஒரு வேலை பண்ணிட்டேன்.

ரேசன் கடைன்னு சொல்லிட்டு ஸ்கூட்டியை எடுத்துட்டுப் போத்தனூர் போனேன். அங்க ஃபிராங்க்ளின் ஒர்க்சாப்பு இருக்கு. காரை உருளை மேல ஏத்தி ஓட்ட வெச்சு அளக்கற டைனோ மெசின் வெச்சிருக்கான். லேப்டாப்பைச் சொருகி இஞ்சினுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறதுதான் அவன் பொழப்பு. எங்களுக்கு எட்டு வருசப் பழக்கம், தங்கமான பையன். பையன்னு நாந்தான் சொல்றேன், தலையில பாதி நரைச்சுப் போச்சு.

நேராக் கேட்டேன். "ஃபிராங்க்ளினு, ஓட்டறவங்களுக்குத் தெரியாம வண்டியோட சக்தியைக் குறைக்கற மாதிரி ஈசியூ இருக்குதா?"

அவன் டீ கிளாஸைக் கீழே வெச்சுட்டான். "எல்லாரும் ஏத்திக் குடுன்னுதானுங்கக்கா வருவாங்க."

"நான் எறக்கிக் குடுன்னு வந்திருக்கேன்."

மூணு டப்பா காட்டினான். ஒண்ணு ரொம்பப் பெருசு, சக்தியும் பெருசு, ஆனா யாரு லேப்டாப் சொருகினாலும் உள்ளே இருக்கறதெல்லாம் தெரியும். ஒண்ணு மலிவு, ஆனா டர்போவைச் சரியாப் பாத்துக்காது. மூணாவது நடுத்தரம். அதுக்குப் பூட்டு உண்டு. பாடம் சொல்லிக் குடுத்தவன் திறந்தாத்தான் உள்ளே என்ன இருக்குன்னு தெரியும். டேஷ்போர்டுல காத்து அழுத்தம் காட்டற மீட்டர்கூட அது சொல்றதைத்தான் காட்டுமாம்.

மூணாவதுதான் எனக்கு வேணும். அவருகிட்ட வேண்டாம்னு சொல்ல எனக்கு வாயில்லை. அந்த டப்பா சொல்லட்டும்.

ஜூலை 14, ஞாயிறு

ரெண்டு பேருமாப் போத்தனூர் போனோம். ஃபிராங்க்ளின் என்னை இன்னிக்குத்தான் பாக்கற மாதிரி "வாங்கக்கா, பாத்து எத்தனை நாளாச்சு"ன்னான். நடிக்கச் சொன்னா இப்படியா நடிப்பான்!

இவரு எப்பவும் பெருசுதான் எடுப்பார். மிக்ஸி வாங்கப் போனாலும் பெருசு. அதனால மூணாவது டப்பாவுக்கு ஏழெட்டுக் காரணம் மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருந்தேன். பழைய ஒயரிங்கை அறுக்க வேண்டியதில்லை, அப்படியே சொருகிக்கலாம். உள்ளூர்ல ரிப்பேர் பாத்துக்கலாம். இன்னும் என்னென்னமோ.

ஒண்ணும் தேவைப்படலை. மூணையும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு அவரே, "இந்த மூணாவதே இருக்கட்டும் ஃபிராங்க்ளினு"ன்னார்.

"பெருசு வேண்டாமுங்களாண்ணா?"

"வேண்டாம். இதுல பூட்டு இருக்குதல்ல. கண்டவனும் வந்து நோண்ட முடியாது."

கல்யாணமாகி இருபத்தி நாலு வருசத்துல நான் நெனச்சதை இந்த மனுசன் மொதத் தடவையிலயே சொன்னது இதுதான். பழனிக்குப் போயி ஒரு தேங்காய் ஒடைக்கோணும்.

ஜூலை 20, சனி

டப்பா வந்துருச்சு. ஆடி மாசத்துல புதுசு மாட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். எனக்கு ஒரு மாசம் கெடைச்சுது. அவரும் மறுபேச்சுப் பேசாம தலையாட்டிட்டார். ஆடியாவது ஆவணியாவதுன்னு கிண்டல் பண்ற ஆளு.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

உப்பில்லாத பருப்பு. அவரு "நல்லா இருக்குது"ன்னார். நானும் "ஆமாங்க"ன்னேன். ரெண்டு பேரும் தட்டையே பாத்துட்டுத் தின்னோம்.

முன்னெல்லாம் இந்நேரத்துக்கு ஒரு சண்டை முடிஞ்சு ரெண்டாவது ஆரம்பிச்சிருக்கும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி பொறந்து மொத ஞாயித்துக்கெழமை. வெள்ளைச்சிக்குப் புது மூளை வெச்சாச்சு. எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, சாவி போட்டார். பத்திக்கிச்சு. ஆனா நிக்கத் தெரியலை, ஏறுது எறங்குது ஏறுது எறங்குது. ஃபிராங்க்ளின் லேப்டாப்பை மடியில வெச்சுட்டுக் கொஞ்சம் பெட்ரோல், கொஞ்சம் காத்துன்னு தட்டித் தட்டி, சாயங்காலம் ஒருவழியா அமைதியானா.

இவரு பானெட் மேல கையை வெச்சுட்டு நின்னுட்டே இருந்தார். ஆஸ்பத்திரியில இருந்து வந்த பொறவு இவ்வளவு நேரம் இவரு நின்னு நான் பாக்கலை. "உக்காருங்க"ன்னேன். ஒடனே உக்காந்துட்டார். அது எனக்குப் புடிக்கலை. போடின்னு சொல்லியிருக்கோணும்.

ஆகஸ்ட் 24, சனி

டைனோ. காரைச் சங்கிலி போட்டுக் கட்டி, உருளை மேல முழு வேகத்துல ஓட விட்டாங்க. சத்தத்துல ஒர்க்சாப்புத் தகரமெல்லாம் ஆடுச்சு. இருநூத்திப் பன்னெண்டு குதிரை சக்தி! ஃபிராங்க்ளின் அதை ஒரு தாள்ல அச்சடிச்சுக் குடுத்தான். இவரு அதை எடுத்துட்டு வந்து ஃபிரிட்ஜ் மேல காந்தம் வெச்சு ஒட்டியிருக்கார். தண்ணி எடுக்கப் போறப்பெல்லாம் அந்தத் தாள் என்னைப் பாக்குது.

ஆகஸ்ட் 26, திங்கள்

மறுபடியும் ரேசன் கடை. ஃபிராங்க்ளின்கிட்டச் சொல்லிட்டேன், "கால்வாசி குறைச்சுரு. மீட்டர்ல பழசே காட்டட்டும். பூட்டிரு."

"அக்கா, அண்ணனுக்குத் தெரிஞ்சா..."

"தெரியாது. சத்தியம் பண்ணு."

பண்ணினான். மொகத்தைப் பாக்கப் பாவமா இருந்துச்சு. ரெண்டு நாள்ல பிரேக் பேடு மாத்த வண்டி அங்க வருது, ஒரு வாரம் அங்கதான் நிக்கும், அப்பப் பண்ணிருவான்.

தப்புத்தான். ஆனா அந்த மனுசன் எனக்கு வேணும். உயிரோட வேணும். எனக்கு இருக்கறது ஒரே புருசன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

காயில் கம்பி வாங்கறேன்னு போனவர் தேங்காய் பன்னோட வர்றார். போத்தனூர் பேக்கரி கவரு. கம்பி விக்கறது டவுன்ஹால்லயல்ல? போத்தனூர்ல இவருக்கு என்ன வேலை?

பன்னுக்காகவே அவ்வளவு தூரம் போயிருக்கார். சர்க்கரை, டால்டா எல்லாம் வேண்டாம்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கறார். நாக்கைக் கடிச்சுட்டு, "எனக்கும் ஒண்ணு குடுங்க"ன்னு வாங்கித் தின்னேன். ஒண்ணு கொறஞ்சுதல்ல.

ஆகஸ்ட் 31, சனி

ஃபிராங்க்ளின் போன் பண்ணினான். "அக்கா, ஒரு சிக்கலுங்க. சொல்லவும் முடியலை..."

"சத்தியம் பண்ணியிருக்கே."

"அதுதானுங்கக்கா சிக்கலே."

"கம்முனு இரு"ன்னுட்டு வெச்சுட்டேன். அவரு பக்கத்துல உக்காந்து மாத்திரை எண்ணிட்டு இருந்தார். யாருன்னு கேக்கலை. அதிசயந்தான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ரேலிப் பாதையைப் பாத்துக் குறிப்பு எழுதற நாள். சுல்தான்பேட்டைப் பக்கம், காத்தாடிக் கம்பெனிக்காரங்க போட்ட மண்ணு ரோடு. ரெண்டு பக்கமும் காத்தாலை, நடுவுல செம்மண்ணு.

மத்தவங்க எல்லாம் இங்கிலீசுல லெஃப்டு ரைட்டுன்னு எழுதுவாங்க. நாங்க எழுதறது சோத்துக்கை, பீச்சாங்கை. அவசரத்துல எனக்கு இங்கிலீசு வராது. "சோத்து நாலு, நூறு, பீச்சு ரெண்டு, பாத்து." சோத்துக்கைப் பக்கம் லேசான வளைவு, நூறு மீட்டர் போயி பீச்சாங்கைப் பக்கம் கடுசான வளைவு, கவனம்னு அர்த்தம். எல்லாரும் சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்.

இன்னொரு வார்த்தை இருக்கு, எங்களுக்கு மட்டும். மேடு ஏறுறப்ப அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு ஓட்டறவருக்குத் தெரியாது, வானந்தான் தெரியும். பாதை நேரா இருந்தா நான் "நம்பு"ம்பேன். நம்புன்னா ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கக் கூடாது. பதினாறு வருசத்துல ஒரு தடவைகூட அந்த ஆளு காலை எடுத்ததில்லை. ஊட்டுல நான் சொல்றது எதையும் கேக்க மாட்டார். உப்பு சரியாத்தான் இருக்குன்னாலும் நம்ப மாட்டார். அந்த ஒரு வார்த்தையை நம்புவார்.

அந்த மனுசனைத்தான் நான் ஏமாத்திட்டு இருக்கேன். தெரிஞ்சா இனிமே நான் நம்புன்னு சொல்றப்பக் காலை எடுத்துருவார். அதுக்கப்பறம் அந்த சீட்டுல நான் எதுக்கு?

குறிப்பு எழுதி முடிச்சு, பக்கத்துத் தோட்டத்துல ஆளில்லாத பாதையில ஒரு தடவை மிதிச்சுப் பாத்தார். வெள்ளைச்சி முக்கினா, முனகினா. கால்வாசி குறைச்சதுக்கே இப்படியா! பட்டறை டெம்போவே தேவலை.

"என்ன இழுவை பாத்தியா சாந்தா!"ங்கறார்.

"ஆமாங்க, சீட்டோட சேத்து அழுத்துது"ன்னேன்.

ஊட்டுக்கு வந்து பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டு அழுதேன். பக்கத்து ஊட்டுல ஓடற மோட்டார் சத்தத்தைக் கேட்டே எந்தக் காயில் போச்சுன்னு சொல்ற மனுசன். இவருக்கு ஒண்ணும் தெரியலையே. அந்தச் சீக்கு இதையுமா எடுத்துட்டுப் போயிருச்சு?

செப்டம்பர் 15, ஞாயிறு

பெங்களூர்ல இருந்து மக மிருதுளா போன். "அம்மா, அப்பாவை ஓட்ட விடறியா? உனக்குப் புத்தி இருக்கா?" நான் ஏற்பாடு பண்ணியிருக்கேன்னு சொல்ல முடியுமா? "அப்பா மெதுவாத்தான் போவார் கண்ணு"ன்னேன்.

ஒறம்பரை யாரு வந்தாலும் ஃபிரிட்ஜ் கிட்டக் கூட்டிட்டுப் போயி அந்தத் தாளைக் காட்டறார். "இருநூத்திப் பன்னெண்டு!" நான் பக்கத்துல நின்னு தலையாட்டறேன். கொஞ்சம் அதிகமாத்தான் காட்டறார்.

செப்டம்பர் 28, சனி

நாளைக்கு. ரெண்டு ஹெல்மெட்டையும் தொடைச்சு வெச்சாச்சு. மாத்திரையை நாக்குக்கு அடியில வெக்கறது எப்படின்னு பத்தாவது தடவையாப் பாத்து வெச்சுட்டேன். முருகா.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஒழுங்கா மொதல்ல இருந்து எழுதறேன்.

மொத்தம் நாலு சுத்து. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் ஒரு நிமிசம் இடைவெளி விட்டு அனுப்புவாங்க. எங்களுக்குப் பின்னாடி, ரெண்டு காலேஜ் பொண்ணுங்க, ஒரு குட்டிச் செவப்புக் காரு. காய்கறி வாங்கப் போற காரு.

கொடி எறங்குச்சு. இவரு மிதிச்சார். நான் கத்த ஆரம்பிச்சேன், "சோத்து நாலு, எம்பது, பீச்சு மூணு, என்னத்தப் பாத்துட்டு இருக்கீங்க, பீச்சு மூணுன்னேன்!" ஹெல்மெட் மாட்டினா எனக்கு டாக்டர் சொன்னது மறந்து போயிருது. வெள்ளைச்சி என்னடான்னா மாசமான எருமை மாதிரி அசஞ்சு அசஞ்சு போறா. மூணாவது கிலோமீட்டர்ல பின்னாடி ஆரன் சத்தம். அந்தச் செவப்புக் காரு! வழி விட்டோம். தாண்டறப்ப அந்தப் பொண்ணுக கையை வேற ஆட்டிட்டுப் போச்சுக. "பாத்து வாங்க அங்கிள்!"

குறிப்புல ரெண்டு வளைவை நான் படிக்கவே இல்லை.

சுத்து முடிஞ்சு, காத்தாலைக்குக் கீழே சர்வீஸ் பண்ற எடத்துல நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழட்டி மடியில வெச்சுட்டு நேராப் பாத்துட்டே சொன்னார்.

"சாந்தா, நான் உன்னை ஏமாத்திட்டேன். ஃபிராங்க்ளின்கிட்டச் சொல்லிக் கால்வாசி குறைக்க வெச்சேன். ஆனா அந்தப் பாவி கால்வாசியோட நிறுத்தலை போலிருக்கு."

"எப்பச் சொன்னீங்க?"

"தேங்காய் பன் வாங்கிட்டு வந்தனே, அன்னிக்கு."

"நான் அதுக்கு மொத திங்கக்கெழமை சொன்னேன்."

திரும்பிப் பாத்தார். நானும் பாத்தேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஜன்னல் வழியாக் கத்தினோம், "டேய் ஃபிராங்க்ளினு!"

அவன் டீ வண்டிக்குப் பின்னாடி நின்னுட்டு இருந்தான். மெல்ல வந்தான். "நான் என்னங்க பண்ணுவேன்? அக்கா சத்தியம் வாங்கிட்டாங்க. நாலு நாள்ல அண்ணன் வந்து இன்னொரு சத்தியம். அக்கா சொன்னதுக்கு டர்போக் காத்தைக் குறைச்சேன். அண்ணன் சொன்னதுக்கு இஞ்சின் சுத்தற வேகத்தைக் கட்டிப் போட்டேன். இப்ப நூத்தி இருவது குதிரைகூட இல்லீங்க. ரெண்டு பேரும் வந்து ஏண்டா இப்படின்னு கேப்பீங்கன்னு ஒரு மாசமாக் காத்திருக்கேன். நல்லா இழுக்குதுன்னு போன்ல பாராட்டறீங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுட்டே அழுகையும் வந்துருச்சு. "நான் உங்க நெஞ்சுக்குப் பயந்துட்டுக் குறைச்சேன். நீங்க எதுக்குக் குறைச்சீங்க?"

"நீ பக்கத்துல உக்காந்திருக்கறியேடி. எனக்கு ஓட்டறப்ப ஏதாச்சும் ஆச்சுன்னா வண்டி எங்க போயி முட்டுமோ. அதுல நீயுமல்ல இருப்பே?"

"அவ்வளவு பயம் இருக்கறவரு எதுக்கு ரேலிக்குப் பேர் குடுத்தீங்க? உங்களை யாரு கும்பிட்டுக் கூப்பிட்டாங்க?"

ஹெல்மெட் பட்டையைத் திருகிட்டே இருந்தார். அப்பறம் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து நீ என்னைத் திட்டவே மாட்டேங்கறே சாந்தா. சரிங்க, ஆகட்டுங்க. ஊட்டுல யாரோ நர்ஸம்மா இருக்கற மாதிரி இருக்கு. உப்பில்லாத பருப்பை நல்லா இருக்குதுன்னு சொன்னாக்கூடச் சண்டைக்கு வரமாட்டேங்கறே. நான் சீக்கிரம் செத்துப் போயிருவேன், அதான் இப்படித் தாங்கறான்னு எனக்கு மனசுக்குள்ள ஒரே வெசனம். ஹெல்மெட்டை மாட்டினா நீ பழையபடி கத்துவியல்ல, அதுக்குத்தான் பேர் குடுத்தேன்."

எறங்கிச் சுத்திப் போயி, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன்.

"எறங்குங்க."

"என்னது?"

"எறங்குங்கன்னேன்! காது என்ன செவுடா? ஒரு மாசமா மனுசி தூங்காம கெடக்கறா, இவரு எவன்கிட்டயோ போயிச் சத்தியம் வாங்கிட்டுப் பன்னு தின்னுட்டு வர்றார்! அந்தப் பக்கம் போயி உக்காருங்க. நான் ஓட்டறேன். ஏதாச்சும் ஆச்சுன்னா ஸ்டியரிங் என்ற கையில இருக்கும், நேரா ஆஸ்பத்திரிக்கு விட்டுருவேன். டேய் ஃபிராங்க்ளினு, லேப்டாப்பை எடு. எல்லாப் பூட்டையும் திற!"

பக்கத்துல டயர் மாத்திட்டு இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. இவரு சிரிக்கிறார். ஜனவரிக்கு அப்பறம் இப்படிச் சிரிச்சு நான் பாக்கலை.

கிளப் போட்டிதான், ரெண்டு பேர் லைசென்ஸும் குடுத்திருந்தா யாரு வேணும்னாலும் ஓட்டலாம். எங்களது எப்பவும் ரெண்டும் குடுத்திருக்கும். ஒரு சுத்துக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல ரோட்டுல ஓட்டிட்டுப் போறது வருசா வருசம் நாந்தான், இவரு தூங்கிட்டு வருவார்.

ஃபிராங்க்ளின் சொருகினான். "முழுசுமா அண்ணா?"

"முழுசும் குடு. எம்பொண்டாட்டி ஓட்டறா."

சீட்டை முன்னாடி இழுத்துப் போட்டேன். எனக்குக் கால் எட்டாது.

அடுத்த சுத்து. அம்மாடி! வெள்ளைச்சி பிச்சுட்டுப் போறா. இவருக்குக் குறிப்புப் படிக்கத் தெரியலை, வளைவு வந்த பொறவு சொல்றார். "மொதல்லயே சொல்லுங்க!" "சொல்றேன் இரு!" "இருந்தா மரத்துல போயி முட்டறதா?" "பீச்சு ரெண்டு, பீச்சு ரெண்டு, பாத்து!" கத்திட்டே போனோம், தொண்டை கட்டிப் போச்சு. கடைசிச் சுத்துல அந்தப் பெரிய மேடு வந்துச்சு. எனக்கு முன்னாடி வானம் மட்டுந்தான். கால் தானா எழும்பப் பாத்துச்சு.

"மேடு. நேர். நம்பு"ன்னார்.

காலை எடுக்கலை.

செப்டம்பர் 30, திங்கள்

கடைசியில இருந்து மூணாவது எடம். அந்தச் செவப்புக் காருக்கு ரெண்டு எடம் பின்னாடி. பரவால்லை.

எழுத மாட்டேன்னு சொன்ன நாளை இன்னிக்கு எழுதிர்றேன்.

ஜனவரி, ஞாயித்துக்கெழமை மத்தியானம். சாப்பிட்டுட்டு எந்திரிச்சவர் நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்துட்டார். சட்டையெல்லாம் வேர்வை. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. வெள்ளைச்சியில தூக்கிப் போட்டுட்டுக் கெளம்பிட்டேன். எனக்குக் கண்ணுல ரோடே தெரியலை, ஒரே தண்ணி. அப்ப இவரு சீட்டுல சாஞ்சுட்டுக் கண்ணை மூடிட்டே ஆரம்பிச்சார். "சோத்து மூணு. வேகத்தடை. பீச்சு ரெண்டு, பாத்து." தெனமும் போற ரோட்டுக்குக் குறிப்புச் சொல்லிட்டே வந்தார். இந்த மனுசன் வளைவு சொல்ற வரைக்கும் உசுரோட இருக்கார்னு நானும் ஓட்டினேன். மேம்பாலத்துக்குக் கீழே சத்தம் நின்னு போச்சு. "சொல்லுங்க! என்ன வளைவு, சொல்லுங்க!"ன்னு கத்தினேன். ரொம்ப நேரம் கழிச்சு, "நேர்"ன்னார். அப்பறம், "நம்பு."

அதுக்கப்பறம் நேத்துத்தான் அந்த வார்த்தையை அவரு வாயால கேட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூசை. பட்டறையிலயும் ஊட்டுலயும் எல்லாத்தையும் கழுவிச் சந்தனம் வெச்சாச்சு. ஸ்டியரிங்குக்குப் பொட்டு, டர்போவுக்குப் பொட்டு, சீட்டுக்கு அடியில கையை விட்டு அந்த ஈசியூ டப்பாவுக்கும் ஒரு பொட்டு. ஃபிராங்க்ளினை வரச் சொல்லிப் பொரியும் சுண்டலும் குடுத்தேன். இனிமே எங்க ரெண்டு பேர்ல யாருக்கும் தனியாச் சத்தியம் பண்றதில்லைன்னு சாமி முன்னாடி சத்தியம் வாங்கிட்டேன்.

ஃபிரிட்ஜ் மேல இருந்த தாள் அங்கதான் இருக்கு. இப்ப அது என்னைப் பாத்தா எனக்கு ஒண்ணும் பண்றதில்லை.

மத்தியானம் நான் அந்தப் பக்கம் திரும்பினதும் ரெண்டு வடையை வாயில போட்டுட்டார். புடிச்சுட்டேன். எண்ணெய்ல ஆரம்பிச்ச திட்டு, போத்தனூர் பன்னு, டாக்டர்கிட்ட வண்டின்னு சொன்னது, கல்யாணத்தப்போ இவங்க அக்கா பேசினது வரைக்கும் போச்சு. தெருவே கேட்டிருக்கும். மனுசன் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, கையைக் கட்டிட்டு, கச்சேரி கேக்கற மாதிரி கேட்டுட்டு இருந்தார்.

சாயங்காலம் வெள்ளைச்சியை அவரு நெழலுக்கு நகத்தி விட்டார். தார்ப்பாய் போடறப்ப எட்டிப் பாத்தேன். டிரைவர் சீட்டு நான் இழுத்துப் போட்ட எடத்துலயே இருக்கு. முட்டி ஸ்டியரிங்குல இடிக்க இடிக்கத்தான் ஓட்டியிருக்கார், பின்னாடி தள்ளலை.